வீட்டு முகப்பின் அழகும் பயனும்

கேரள மாநிலத்தின் தென்கோடியில், பாறசாலைச் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்த சிற்றூர்களுள் ஒன்று ஆரியங்கோடு. தமிழ்நாட்டின் கன்னியாகுமரி மாவட்ட எல்லை இதற்கு வெகு தொலைவில் இல்லை. பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளின் எல்லையோர ஊர்களில் தமிழும் மலையாளமும் அருகருகே ஒலிக்கின்றன. ரப்பர்த் தோட்டங்களுக்கும் தென்னந்தோப்புகளுக்கும் நடுவே ஓடு வேய்ந்த பழைய வீடுகள் இன்னும் சில எஞ்சியுள்ளன. அவ்வீடுகளைக் காண்போரின் கண்ணில் முதலில் படுவது கதவோ சன்னலோ அன்று. கூரையின் முனையில் முக்கோண வடிவில் அமைந்த மரவேலைப்பாடே ஆகும். அதுவே முகப்பு எனப்படும்.

முகப்பு என்பது யாது?

இருபுறமும் சரிந்த கூரையின் இரண்டு சரிவுகளும் மேலே ஒரு கோட்டில் கூடும். அக்கோடு முகடு ஆகும். முகட்டின் இரு முனைகளிலும், சுவருக்கு மேலே, சரிவுகளுக்கு இடையில் ஒரு முக்கோணம் திறந்து நிற்கும். அதனை அப்படியே விட்டால் மழைச்சாரல் உள்ளே புகும். பறவையும் வௌவாலும் குடிபுகும். முற்றிலும் சுவர் எழுப்பி அடைத்தாலோ கூரைக்கு அடியில் வெப்பம் தேங்கும். ஆகவே மழையைத் தடுத்துக் காற்றை விடுகின்ற ஓர் அமைப்பு அங்கே தேவைப்பட்டது. அத்தேவையிலிருந்தே முகப்பு பிறந்தது. அழகு அதனோடு சேர்ந்து வளர்ந்தது.

திருவிதாங்கூர்த் தச்சரின் கைவண்ணம்

ஆரியங்கோட்டுப் பகுதியின் முகப்புகளை அறிய விரும்புவோர் பத்மநாபபுரம் அரண்மனையைக் காண வேண்டும். நெய்யாற்றின்கரையிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலை பாறசாலை, களியக்காவிளை, மார்த்தாண்டம் ஆகிய ஊர்களைக் கடந்து தக்கலையை அடைகிறது. தக்கலைக்கு அருகில் இவ்வரண்மனை உள்ளது. 1601ஆம் ஆண்டளவில் தொடங்கப்பட்ட இது, 18ஆம் நூற்றாண்டில் மார்த்தாண்டவர்மர் காலத்தில் விரிவாக்கப்பட்டது. 1795ஆம் ஆண்டு தலைநகர் திருவனந்தபுரத்திற்கு மாறும்வரை திருவிதாங்கூர் மன்னர்களின் இருப்பிடமாக விளங்கியது.

அரண்மனை வாயிலின் மேல் எழுந்து நிற்கும் மர முகப்பு, வருவோரை முதலில் வரவேற்கிறது. கூரைச் சரிவின் ஓரத்தில் செதுக்கிய பலகைகள் இருபுறமும் இறங்குகின்றன. முக்கோணத்தின் உள்ளே கொடியும் மலரும் மரத்தில் பூத்துள்ளன. உள்ளே சென்று பூமுகம் என்னும் முன்மண்டபத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால், மரக்கூரையில் 90 மலர் வடிவங்கள் தெரியும். அவற்றுள் ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்பர்.

1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தன. அப்போது தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. அரண்மனை அமைந்த நிலம் இன்று தமிழ்நாட்டில் உள்ளது; அதனைப் பேணுவதோ கேரளத் தொல்லியல் துறை. எல்லைக்கோடு நிலத்தைப் பிரித்தது, தச்சுக்கலையைப் பிரிக்கவில்லை. கோட்டின் இருபுறமும் உள்ள பழைய வீடுகளில் ஒரே வகை முகப்பு இருப்பதற்கு இதுவே காரணம்.

முகப்பு செய்யும் வேலை

வெயிலில் கூரை ஓடு சூடேறுகிறது. ஓட்டுக்கு அடியில் உள்ள காற்றும் சூடாகிறது. சூடான காற்று இலேசானது. அது மேலெழுந்து முகட்டை நாடும். முகப்பின் பலகைகளுக்கு இடையே உள்ள சந்துகளின் வழியே அது வெளியேறும். அதன் இடத்தை நிரப்பக் கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வரும். மின்விசிறி இல்லாத காலத்தில் வீட்டைக் குளிர்வித்த முறை இதுவே.

இப்பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆண்டில் பல மாதங்கள் காற்றில் ஈரம் மிகுந்திருக்கும். ஈரம் வெளியேற வழியில்லையெனில் கூரையைத் தாங்கும் கைமரங்களில் பூஞ்சை பிடிக்கும், மரம் உளுத்துப்போகும். சந்துகள் வழியே ஓடும் காற்று மரத்தை உலர வைக்கிறது. சந்துகளின் பலகைகள் வெளிப்புறம் சரிந்திருப்பதால் மழைநீர் உள்ளே வராமல் வழிந்துவிடுகிறது. எனவே முகப்பு என்பது வீட்டின் மூக்கைப் போன்றது. முகத்திற்கு அழகு தருவதும் அதுவே. மூச்சு விடுவதும் அதன் வழியே.

இந்த நுட்பத்தை ஆங்கிலேயக் கட்டடக் கலைஞரும் எடுத்தாண்டனர். திருவனந்தபுரத்தில் 1880ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட நேப்பியர் அருங்காட்சியகத்தை வடிவமைத்தவர் இராபர்ட் சிசம். சென்னையில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தை வடிவமைத்தவரும் அவரே. வேற்று நாட்டவரான அவர், கேரளத்து முகப்புகளை அக்கட்டடத்தில் வரிசையாக எழுப்பினார். இயற்கைக் காற்றோட்டத்திற்கு அக்கட்டடம் இன்றும் சான்றாகக் காட்டப்படுகிறது.

மரம் அசையும்

மரம் வெட்டப்பட்ட பின்னும் அசைவதை நிறுத்துவதில்லை. மழைக்காலத்தில் ஈரத்தை உறிஞ்சி அகலத்தில் விரியும், கோடையில் சுருங்கும். மழைக்காலத்தில் கதவு இறுகி, வெயில் காலத்தில் எளிதாகத் திறப்பதை எல்லா வீடுகளிலும் காணலாம். நன்கு முற்றிய தேக்கும், பலாவும், அயினியும் பிற மரங்களைவிடக் குறைவாக அசையும். ஆயினும் அசையாத மரம் என்று ஒன்றில்லை.

இதனை அறிந்த தச்சர், பலகையை ஆணி அடித்து இறுக்கிப் பிணிக்கவில்லை. சட்டத்தின் உட்புறத்தில் நீண்ட பள்ளம் செதுக்கினர். அப்பள்ளம் காடி எனப்படும். பலகையின் ஓரத்தைக் காடிக்குள் செருகி, விரிவதற்குச் சிறிது இடம் விட்டனர். சட்டங்களைக் குடுமியும் துளையுமாகப் பொருத்தி மர ஆணியால் இணைத்தனர். பழைய வீடுகளின் முகப்புகள் வெடிக்காமல் பல தலைமுறைகள் நின்றமைக்கு இந்தச் சிறிய இடைவெளி ஒரு முதன்மையான காரணம்.

அளவையும் அவர்கள் கண்ணால் மதிப்பிட்டு விடவில்லை. கேரளத் தச்சர் கோல் என்னும் அளவுகோலைக் கையாண்டனர். ஒரு கோல் 24 விரல். இன்றைய கணக்கில் ஏறத்தாழ 72 செ.மீ. முகப்பின் அகலமும் உயரமும் வீட்டின் பிற அளவுகளோடு இயைந்திருக்குமாறு கோலால் கணக்கிடப்பட்டன.

புதிய பொருள்: வினைல்

முதிர்ந்த மரம் இன்று அரிதாகவும் விலை மிகுந்ததாகவும் உள்ளது. முகப்பு செதுக்கத் தெரிந்த ஆசாரிமாரும் குறைந்து வருகின்றனர். கரையானும் மழையும் பழைய முகப்புகளை அரித்து வருகின்றன. ஆகவே மரத்திற்கு மாற்றாகச் சிமெண்டு நார்ப்பலகை, உலோகத் தகடு, வினைல் பலகை முதலியவை வந்துள்ளன.

வினைல் என்பது பாலிவினைல் குளோரைடு என்னும் செயற்கைப் பொருள். வீட்டுக் குழாய்களில் காணப்படும் பி.வி.சி. இதுவே. இதன் எடையில் ஏறத்தாழ 57 விழுக்காடு குளோரின்; அது உப்பிலிருந்து கிடைக்கிறது. 1872ஆம் ஆண்டு ஐகன் பௌமான் என்னும் செருமானிய வேதியியலார், வெயிலில் வைத்த குடுவைக்குள் வெண்ணிறத் திண்மமாக இதனை முதலில் கண்டார். 1950களின் இறுதியில் அமெரிக்காவில் வீட்டுச் சுவரின் வெளிப்புற உறையாக வினைல் பலகை விற்பனைக்கு வந்தது. இன்று அமெரிக்காவிலும் கனடாவிலும் மரச்சட்ட வீடுகள் பலவற்றின் முகப்பை இது மூடியிருக்கிறது. அங்குக் குடியேறி வாழும் தமிழர் பலருக்கு இது நாள்தோறும் காணும் பொருள்.

முகப்புக்கென்றே அழகிய வடிவங்களில் வினைல் பலகைகள் வார்க்கப்படுகின்றன. மீன் செதிலைப்போல் அரைவட்ட வரிசையாக அமைந்தது ஒரு வகை. பிளந்த மரச் சில்லுகளைப் போன்றது மற்றொரு வகை. இவை புதிய கற்பனைகள் அல்ல. 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மர வீடுகளின் முகப்பில் தச்சர் கையால் வெட்டிப் பதித்த மரச் சில்லுகளின் வடிவங்களே இன்று வினைலில் வார்க்கப்படுகின்றன.

பொருத்தும் முறை

வினைல் முகப்பு அமைக்கும் வேலை கீழ்வரும் ஒழுங்கில் நடைபெறும்.

முதலாவது, அளவெடுத்தல். முக்கோணத்தின் அடியும் உயரமும் அளக்கப்படும். அடி 6 மீட்டர், உயரம் 2 மீட்டர் எனக் கொண்டால், பரப்பு 6 சதுர மீட்டர். சரிவில் வெட்டும்போது துண்டுகள் வீணாகும் என்பதால், பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குவது வழக்கம்.

இரண்டாவது, தளம் அமைத்தல். சுவர் மேடு பள்ளமின்றிச் சமமாக இருக்க வேண்டும். செங்கல் சுவராயின் சட்டங்களும் அவற்றின்மேல் பலகையும் பதித்துச் சமதளம் உண்டாக்கப்படும். அதன்மேல் நீர் புகாத் தாள் விரிக்கப்படும். வினைல் பலகை மழையின் பெரும்பகுதியைத் திருப்பிவிடும். ஆயினும் அது நீர் புகாத உறை அன்று. உள்ளே நுழையும் சிறிது நீர் தாளின்மேல் வழிந்து கீழே வெளியேற வேண்டும்.

மூன்றாவது, ஓரப்பட்டை பதித்தல். சரிவுகளின் ஓரத்திலும், காற்றுத் துளைச் சட்டத்தைச் சுற்றியும் பள்ளமுள்ள பட்டைகள் பொருத்தப்படும். பலகையின் வெட்டுமுனை இப்பள்ளத்திற்குள் மறைந்து நிற்கும். பழைய தச்சர் செதுக்கிய காடியின் வேலையை இங்கு இந்தப் பட்டை செய்கிறது.

நான்காவது, முதல் வரிசை அமைத்தல். ரசமட்டம் வைத்துப் பார்த்து, முக்கோணத்தின் அடியில் கிடைக்கோடு நூல் அடித்து வரையப்படும். தொடக்கப்பட்டை அக்கோட்டில் பதிக்கப்படும். இக்கோடு சிறிது சாய்ந்தாலும் மேலே செல்லச் செல்ல வரிசைகள் யாவும் சாய்ந்து தோன்றும். மீன் செதில் வடிவத்தில் அக்குறை எளிதில் கண்ணில் படும்.

ஐந்தாவது, வரிசைகளை ஏற்றுதல். ஒவ்வொரு வரிசையும் கீழ் வரிசையின் மேல் விளிம்பில் கொளுவப்படும். கூரையின் சரிவுக்கு ஏற்ப ஒரு துண்டை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு, பிற துண்டுகள் அதே கோணத்தில் வெட்டப்படும். மேற்கண்ட முக்கோணத்தில் வரிசையின் உயரம் 20 செ.மீ. ஆயின் மொத்தம் 10 வரிசைகள் வரும். ஒவ்வொரு வரிசையும் தன் கீழ் வரிசையைவிட 60 செ.மீ. குறுகும், அதாவது பக்கத்திற்கு 30 செ.மீ. உச்சியில் வரும் கடைசித் துண்டு மட்டும் வெளியே தெரியும் சிறிய ஆணியால் நிறுத்தப்படலாம். பிற பலகைகளின் முகத்தில் ஆணி அடிப்பதில்லை. மேல் விளிம்பின் நீள்துளைகளில்தான் ஆணி இடம்பெறும்.

இவ்வேலை உயரத்தில் நடைபெறுவது. உறுதியான சாரம் கட்டி, பயிற்சி பெற்றோர் மட்டுமே இதனைச் செய்ய வேண்டும்.

இடைவெளியின் கணக்கு

பலகையில் வட்டத் துளை இல்லாமல் நீள்துளை இருப்பது ஏன்? வினைல் வெப்பத்தால் நீளும், குளிர்ச்சியால் சுருங்கும். ஒரு மீட்டர் நீளமுள்ள வினைல், வெப்பநிலை ஒரு செல்சியசு பாகை உயர்ந்தால் ஏறத்தாழ 0.06 மி.மீ. நீளும். இது மிகச் சிறிய அளவாகத் தோன்றலாம். ஆனால் 4 மீட்டர் பலகை, விடியற்காலைக் குளிரிலிருந்து நண்பகல் வெயிலுக்கு 40 பாகை சூடேறினால் என்ன ஆகும்? 4ஐயும் 40ஐயும் 0.06ஐயும் பெருக்கினால் 9.6 மி.மீ. கிடைக்கும். ஏறக்குறைய ஒரு விரலின் அகலத்தில் பாதிக்கு மேல் அது வளர்ந்துவிடுகிறது.

ஆகவே ஆணியை நீள்துளையின் நடுவில் அடிக்க வேண்டும். ஆணித் தலைக்கும் பலகைக்கும் இடையே ஏறத்தாழ ஒரு மி.மீ. இடம் விட வேண்டும். ஓரப்பட்டைக்குள் பலகையின் முனை முட்டாமல் ஏறத்தாழ 6 மி.மீ. விட வேண்டும். பொருத்திய பலகையைக் கையால் தள்ளினால் அது இடமும் வலமும் சிறிது நகர வேண்டும். நகர்ந்தால் வேலை சரி. நகராவிட்டால் வெயில் ஏறும்போது பலகை நெளியும், புடைக்கும், நாளடைவில் வெடிக்கும்.

வேலை தெரியாதவர் ஆணியை இறுக்குவதே உறுதி என்று எண்ணுவர். வேலை தெரிந்தவரோ அசைய இடம் கொடுப்பதே உறுதி என்று அறிவர். மரத்தில் காடி வெட்டிய தச்சரும் வினைலில் நீள்துளை அமைத்தவரும் ஒருவரையொருவர் கண்டதில்லை. எனினும் இருவரும் கண்டறிந்த உண்மை ஒன்றே.

பூட்டிய வீட்டின் சிக்கல்

கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் வெளிநாட்டிலோ வெளிமாநிலத்திலோ பணிபுரியும் குடும்பங்கள் பல. ஊரில் உள்ள பழைய வீடு ஆண்டில் பல மாதங்கள் பூட்டியே கிடக்கும். விடுமுறையில் வருவோர் முகப்பில் உளுத்த பலகையைக் கண்டு வருந்துவர். விரைவில் சீர்செய்ய விரும்புவர். உளுத்த முகப்பின்மேல் புதிய பலகையை இடைவெளியின்றி அடித்து மூடிவிடுவது எளிது. வெளியிலிருந்து பார்க்க வீடு புதியதாய்த் தோன்றும். ஆனால் சந்துகள் அடைபட்டமையால் உள்ளிருக்கும் ஈரமும் வெப்பமும் வெளியேற மாட்டா. கதவும் சன்னலும் சாத்திய வீட்டிற்கு முகப்பு ஒன்றே காற்று வழி. அதுவும் மூடப்பட்டால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கைமரங்கள் உளுக்கத் தொடங்கும். முகப்பைக் காக்கப்போய்க் கூரையையே இழக்க நேரிடும்.

இதனைத் தவிர்க்கும் வழி கடினமன்று. புதிய பலகை பதிக்கும்போது பழைய காற்று வழியின் அளவுக்குக் குறையாமல் காற்றுத் துளைச் சட்டம் வைக்க வேண்டும். அதன் உட்புறம் நுண்வலை பொருத்தினால் வௌவாலும் குளவியும் நுழையா. உளுத்த மரத்தை நீக்கி, கைமரங்களைச் சோதித்த பின்னரே மேலே மூட வேண்டும். செதுக்கு வேலைப்பாடு கெடாமல் இருந்தால், அதனைக் கழற்றித் துடைத்து எண்ணெய் பூசி மீண்டும் பொருத்தலாம். உளுத்த பலகைக்கு மட்டும் புதிய பலகை மாற்றலாம்.

எதனைத் தேர்வது?

வினைலுக்குக் கரையான் அரிப்பு இல்லை, அடிக்கடி வண்ணம் பூசவும் வேண்டியதில்லை, எடையும் குறைவு. ஆனால் ஏறத்தாழ 70 பாகை செல்சியசுக்கு மேல் அது நெகிழத் தொடங்கும். எனவே அடுக்களைப் புகைபோக்கிக்கு அருகிலும், திறந்த அடுப்புக்கு மேலும் அதனைப் பதித்தல் கூடாது. வெட்டி எஞ்சிய துண்டுகளை எரித்தலும் கூடாது. எரிந்தால் நச்சுப்புகை வெளிப்படும். உடைந்த வினைல் மண்ணோடு மக்காது. மரமோ பேணினால் நெடுநாள் நிற்கும். ஒரு பகுதி கெட்டால் அப்பகுதியை மட்டும் ஆசாரியார் மாற்றித் தரலாம். எனினும் அதற்குச் செலவும் கவனமும் மிகுதி.

எந்தப் பொருளைத் தேர்ந்தாலும் முகப்பு செய்ய வேண்டிய வேலைகள் மாறுவதில்லை. மழை உள்ளே வரலாகாது; வெப்பம் உள்ளே தங்கலாகாது; பலகை அசைய இடம் வேண்டும். இம்மூன்றும் நிறைவேறிய பின்னரே மலரும் கொடியும் மீன் செதிலும் முகப்புக்கு அழகு சேர்க்கும்.

அருஞ்சொற்பொருள்

முகடு – கூரையின் உச்சி
கைமரம் – கூரைச் சரிவைத் தாங்கும் சாய்ந்த மரம்
காடி – மரத்தில் செதுக்கிய நீண்ட பள்ளம்
குடுமி – துளையில் செருகும் மரமுனை
ரசமட்டம் – கிடைமட்டம் பார்க்கும் கருவி
சாரம் – உயரத்தில் நின்று வேலை செய்யக் கட்டும் அமைப்பு

பயிற்சி

1. முகப்பு வீட்டின் மூக்கைப் போன்றது எனக் கூறப்படுவது ஏன்?
2. ஆரியங்கோட்டுப் பகுதியிலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் ஒரே வகை முகப்பு காணப்படுவதன் காரணத்தை எழுதுக.
3. காடிக்கும் நீள்துளைக்கும் உள்ள ஒற்றுமை யாது?
4. 3 மீட்டர் நீளமுள்ள வினைல் பலகை 30 பாகை சூடேறினால் எவ்வளவு நீளும்? கணக்கிடுக.
5. உம் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வெப்பக் காற்று எவ்வழியே வெளியேறுகிறது? கண்டறிந்து, படம் வரைந்து, ஐந்து வரிகளில் விளக்குக.